1/72 அளவில் ஒரு கட்டலினா

செப்ரெம்பர் மாதத்து முதல் திங்கள் இங்கே தொழிலாளர் தினம். அந்த வார இறுதியில் ரொறன்ரோ ஏரிக்கரையில் விமானக் கண்காட்சி நடக்கும். 1949இல் தொடங்கினது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் சனம் கதிரை, குடை எல்லாம் கொண்டுபோய் இருந்து பார்க்கும். வெள்ளிக்கிழமையே ஒத்திகை தொடங்கிவிடும்.

போன வருசம் அந்த வெள்ளிக்கிழமை நான் ஸ்காபரோவில் சித்தி வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்து ஒரு விமானத்தின் வாலுக்குச் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தேன். (பிளாஸ்ரிக் விமானம்தான், பயப்படாதீங்கோ :-) வால் முழுக்கச் சேர்த்தாலே என்ர பெருவிரல் அளவுதான்.) நான் இருக்கிறதே அந்த பேஸ்மென்ற்றில்தான். மாஸ்டர்ஸ் படிக்க வந்தவனுக்கு வாடகை வாங்காமல் இடம் தந்த புண்ணியவதி சித்தி.

தலைக்கு மேலே ஒரு ஜெட் வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. அடுத்த நிமிசம் சித்தி படியால் இறங்கி வாறா. கையில் பாதி வெட்டின வெங்காயம்.

"என்ன சித்தி?"

"ஒண்டுமில்லை. சும்மா வந்தனான். நீ உன்ர வேலையைப் பார்."

உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்துவிட்டா. இரண்டாவது ஜெட் போனது. மூன்றாவது போனது. வெங்காயத்தைக் கீழே வைக்கவே இல்லை. சித்தி கலியாணம் முடித்து சம்பூரில் இருந்தவ. 2006 ஏப்ரலில் அங்கே குண்டு விழுந்த நேரம் பங்கருக்குள் இருந்தவ. கனடா வந்து பதினைந்து வருசத்துக்கு மேலே. பேஸ்மென்ற் எதற்கு என்று எனக்குச் சொன்னவை: ஹீற்றர் வைக்க, உடுப்புத் தோய்க்க, என்னை மாதிரிப் படிக்க வந்ததுகளை வைக்க. சித்திக்கு அது இன்னொன்றும்கூட என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

சத்தம் அடங்கினதும் எழும்பினவ, என்ர கையில் இருந்ததைப் பார்த்தா. மேசையில் கிடந்த மற்றதுகளையும் பார்த்தா. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், ஒரு ஷேர்மன் ராங்கி.

"உனக்கு விளையாட வேற சாமான் கிடைக்கேல்லையோ?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

*

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் என்ர முதல் குளிர்காலம். டிசம்பரில் பின்னேரம் ஐந்து மணிக்கு முதலே இருட்டு. புள்ளிவிபரவியல் படிக்கிறவனுக்கு நாள் முழுக்கக் கணினித் திரைதான். கையால் செய்கிற வேலை என்று ஒன்றுமே இல்லை. ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டு, குளிருக்கு ஒதுங்க ஒரு கடைக்குள் போனேன். தரையில் இருந்து கூரை மட்டும் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு விமானமோ கப்பலோ ராங்கியோ, படமாக. கண் கண்ணாடி போட்ட கிழவர் ஒருத்தர் கவுண்டரில் இருந்து, "குளிருக்கு வந்தாயா, சாமான் வாங்க வந்தாயா?" என்று கேட்டார். வெட்கத்துக்கு ஒரு ஸ்பிட்ஃபயர் வாங்கிக்கொண்டு வந்தேன். அதோடு சரி, விழுந்தாச்சு.

தெரியாதவர்களுக்கு: பெட்டியைத் திறந்தால் உள்ளே பிளாஸ்ரிக் சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் சின்னச் சின்னத் துண்டுகள், மாங்கொத்தில் பிஞ்சு தொங்குகிற மாதிரி. வெட்டி எடுத்து, விளிம்பைத் தேய்த்து, ஒட்டி, பொருத்துக்குப் புட்டி பூசி, திரும்பத் தேய்த்து, நிறம் அடித்து, கடைசியில் தண்ணீரில் ஊறவைத்த ஸ்ரிக்கர்களை ஒன்றொன்றாக வழுக்கி இறக்க வேண்டும். ஒட்டுகிற பசை உண்மையில் பசையே இல்லை. அது பிளாஸ்ரிக்கைக் கொஞ்சம் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். பிழைவிட்டால் பிழைவிட்டதுதான்.

1/72 என்றால் உண்மையில் 72 அங்குலம், அதாவது ஆறு அடி, மொடலில் ஒரு அங்குலம். ஒரு ஆள் ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் ஃபுரொக் கம்பெனி 1936இல் 'பென்குயின்' என்ற பெயரில் பிளாஸ்ரிக் விமானங்களை விற்கத் தொடங்கினபோதே இந்த அளவுதான். பிறகு போர் வந்தது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் செய்து தரச் சொல்லிக் கேட்டது. அதே 1/72 அளவு. எதற்கு? வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று ஆட்களுக்குப் படிப்பிக்க. இன்றைக்கு நான் பொழுதுபோக்கு என்று செய்கிற வேலை, அன்றைக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் போர்வேலை.

சித்தியின் தலைமுறைக்கு அந்தப் படிப்பு மொடல் இல்லாமலே வந்தது. சத்தத்தை வைத்தே ஹெலியா, பொம்மரா, கிபிரா என்று சொல்லுவினம். என்ர அம்மாவும் சொல்லுவா. ஆனால் அம்மா ஒரு விமானத்தின் வடிவத்தைச் சரியாகப் பார்த்தது கிடையாது. பார்க்கிற நேரத்தில் நிலத்துக்குக் கீழேதானே.

*

இனி கட்டலினாவுக்கு வருவோம். சித்தி கேட்ட நேரம் என்ர கையில் இருந்தது அதன் வால்தான்.

கட்டலினா ஒரு பறக்கும் படகு. அடிப்பாகம் படகு மாதிரியே இருக்கும், தண்ணீரில் இறங்கித் தண்ணீரில் இருந்தே எழும்பும். படகுக்கு மேலே ஒரு தூண், தூணுக்கு மேலே ஒரே நீட்டுக்கு இறக்கை, இறக்கையில் இரண்டு எஞ்சின். இறக்கையின் நீளம் 104 அடி. மொடலில் 44 சென்ரிமீற்றர், என்ர மேசையில் கொள்ளவில்லை. சாதாரணமாகப் பறக்கிற வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவுதான், 401இல் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவாக ஓட்டுகிற எங்கட ஆட்கள் இருக்கினம் :-) ஆனால் ஒருக்கால் எழும்பினால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலே கடலைப் பார்த்துக்கொண்டே பறக்கும். அதன் வேலையே பார்க்கிறதுதான்.

கடையில் அந்தப் பெட்டியை எடுத்த நேரம் கிழவர் சொன்னார், "இதில் கனடாக்காரர் ஒருத்தர் சிலோனைக் காப்பாற்றினார், தெரியுமா?" எனக்குத் தெரியாது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன், தெரியாது.

லெனாட் பேர்ச்சல். 1915இல் ஒன்ராறியோவில் சென்ற் கத்தரீன்ஸில் பிறந்தவர். நயாகரா பார்க்கப் போகிற வழியில் நாங்கள் கோப்பி குடிக்க நிற்கிற ஊர். கனடிய விமானப்படையின் 413ஆவது அணி முதலில் ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் இருந்தது. 1942 தொடக்கத்தில் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு, அவசரமாக இலங்கைக்கு அனுப்பினார்கள். காலிக்குப் பக்கத்தில் கொக்கல வாவியில் இறங்கினார்கள். பேர்ச்சல் வந்து சேர்ந்தது ஏப்ரல் 2. ஏப்ரல் 4 விடியப் புறமே ரோந்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஏஜே155 என்ற கட்டலினா, உள்ளே ஒன்பது பேர்.

நாள் முழுக்கப் பறந்து, பின்னேரம் திரும்புகிற நேரம். இலங்கைக்குத் தெற்கே 350 மைலுக்கு அங்காலே அடிவானத்தில் புள்ளிகள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு முழுக் கடற்படை. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், கூடவே போர்க்கப்பல்கள். 1941 டிசம்பர் 7இல் பேர்ள் ஹார்பரை அடித்த அதே படை.

ஸீரோ விமானங்கள் மேலே வந்துவிட்டன. ஸீரோ மணிக்கு 500 கிலோமீற்றருக்கு மேலே போகும். கட்டலினா ஓடித் தப்ப வழியே இல்லை. செய்தியை மூன்று தரம் அனுப்ப வேண்டும் என்பது ஒழுங்கு. இரண்டு தரம் போனது. மூன்றாவது தரம் பாதியில் வானொலி சிதறிவிட்டது. விமானம் எரிந்துகொண்டே கடலில் இறங்கியது. மூன்று பேர் இறந்துபோனார்கள். ஆறு பேரை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று தூக்கியது. செய்தி அனுப்பினீர்களா இல்லையா என்று அடித்துக் கேட்டார்கள். அனுப்பவில்லை என்று பொய் சொன்னார்கள்.

கொழும்புக்கு அரைகுறையாகக் கேட்ட அந்தச் செய்தி போதுமாக இருந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பலவற்றை வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் ஏப்ரல் 5, ஈஸ்ரர் ஞாயிறு, நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்புக்கு வந்தபோது அவர்கள் தேடி வந்த பெரிய கப்பற்படை அங்கே இல்லை. பேர்ச்சல் 1945 வரை ஜப்பானில் சிறை. அங்கேயும் வருத்தக்காரக் கைதிகளை அடித்து வேலைக்கு அனுப்பக்கூடாது என்று காவலாளிகளோடு மோதி அடி வாங்கினவர். 2004இல், 89 வயதில், கிங்ஸ்ரனில் இறந்தார். 'இலங்கையின் மீட்பர்' என்றுதான் இங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

வாசித்து முடிய எனக்கு மயிர் கூச்செறிந்தது. இதைக் கட்டியே ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவு.

*

கட்டத் தொடங்கினால் ஒரு நோய் பிடிக்கும். சரியான நிறம் என்ன, சரியான எழுத்து எங்கே, என்று. மொடல்காரருக்கு வரலாறு என்றால் அதுதான். நான் ஒரு கிழமை ஒரு சிவப்புப் பொட்டுக்காக அலைந்தேன். பிரித்தானிய விமானங்களில் நீல வட்டத்தின் நடுவே சிவப்புப் பொட்டு இருக்கும், தெரியும்தானே? ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று எங்கட பக்கத்துப் போர்முனையில் பிறகு அந்தச் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். ஆனால் 1942 ஏப்ரலில் சிவப்பு இருந்தது. ஆகவே என்ர கட்டலினாவிலும் இருக்க வேண்டும். நான்கு மில்லிமீற்றர் பொட்டு. பார்க்கிறவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அப்படித் தேடிக்கொண்டு போன இடத்தில்தான் ஏப்ரல் 9 வந்து நின்றது. அந்தத் திகதி எனக்கு ஏற்கெனவே தெரியும். புத்தகத்தில் இருந்து அல்ல, அம்மம்மாவிடம் இருந்து.

அம்மம்மா 1938இல் பிறந்தவ. ஜப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட்ட அன்றைக்கு நாலு வயது. அவவின் அப்பாவுக்கு சீனக்குடாவில் எண்ணெய்க் குதத்தில் கூலிவேலை. பிரித்தானியர் தங்கட கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பி வைக்கக் கட்டின அந்த இராட்சதத் தொட்டிகள் இன்றைக்கும் காட்டுக்குள் வரிசையாக நிற்கின்றன, தொண்ணூற்றொன்பது. அன்றைக்குக் காலமை ஜப்பானிய விமானம் ஒன்று வந்து தொட்டி ஒன்றில் மோதினது. ஏழு நாள் எரிந்தது என்று ஊரில் சொல்லுவார்கள். உருகிச் சுருண்ட அந்த இரும்பு இப்பவும் அங்கே கிடக்குது.

"கோழியள் பொழுதுபட்டுப் போச்செண்டு கூட்டுக்குள்ள போட்டுதுகள்" என்பா அம்மம்மா. அவ்வளவு புகை. மாட்டுவண்டிலில் தம்பலகாமத்துக்குப் போனார்களாம். அப்பா பின்னேரம் நடந்து வந்து சேர்ந்தாராம். வேட்டியில் எண்ணெய்ப் புகை மணம், எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லையாம். 2019இல் சாகிற மட்டும் மண்ணெண்ணெய் மணம் அவவுக்குப் பிடிக்காது.

இந்தக் கதையை நான் ஒரு பாட்டிக் கதையாகத்தான் கேட்டு வளர்ந்தேன். இது பேர்ள் ஹார்பரில் தொடங்கிய அதே கதையின் அடுத்த அத்தியாயம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாடப் புத்தகத்திலும் இரண்டு வரிக்கு மேலே இருந்த ஞாபகம் இல்லை. ரொறன்ரோவில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைத் திறந்த பிறகுதான் இரண்டும் பொருந்தியது.

பொருந்தின பிறகு மற்றதுகளும் கண்ணில் பட்டன. கொக்கலவில் விமானத்தளம் அமைக்க அந்த ஊர்ச் சனத்தை எழுப்பி அனுப்பினார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ஊர் அது. ஊரே அழிந்து, அவருடைய வீடு மட்டும் தப்பி, பிறகு அருங்காட்சியகத்தின் பகுதியானது. ஈஸ்ரர் ஞாயிறு அன்று கொழும்பில் அங்கொட மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. அடுத்த நாள், ஏப்ரல் 6, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. சென்னையில் பயந்து சனம் ஊரைக் காலி செய்ததும், மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றதும் அதே மாதம்தான். தமிழ்நாட்டு நண்பர்கள் இதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். 1914இல் எம்டன் வந்த கதை மாதிரி இதற்கு ஒரு சொல் மிஞ்சவில்லை, அதனால் மறந்துவிட்டது போல.

ஏப்ரல் 9 காலமை இன்னொரு கட்டலினாவும் போனது. அதே 413ஆவது அணி, ரே தோமஸ் என்ற விமானி. அவரும் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார். அதில் ஒருவரும் தப்பவில்லை. முதல் நாள் இரவே திருகோணமலையை விட்டு வெளிக்கிட்ட ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு வெளியே அகப்பட்டது. அன்றைக்கு அதில் சண்டைக்கு ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் அதோடு போனார்கள். இப்போது சுழியோடிகள் கல்லடிப் பக்கம் இருந்து படகில் போய் அதைப் பார்க்கிறார்கள். 1/700 அளவில் ஹேர்மிஸின் மொடல் வேண்டுமென்றால் கிடைக்கும். செய்கிறது அவோஷிமா, ஜப்பான் கம்பெனி. மூழ்கடித்த நாட்டுக்காரரே அளவெடுத்துப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தில் அன்றைக்கு எரிந்த சகாயிங் என்ற கப்பலை 2018 மார்ச்சில்தான் தண்ணீருக்கு மேலே தூக்கினார்கள். அம்மம்மா அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "இவ்வளவு காலமும் உதுக்குள்ளயே கிடந்தது?" என்று கேட்டது இப்போதுதான் எனக்கு விளங்குது.

*

ஹமில்ரனில் ஒரு விமான அருங்காட்சியகம் இருக்கு, கனேடியன் வோர்பிளேன் ஹெரிற்றேஜ் மியூசியம். உலகத்தில் இன்றும் பறக்கிற லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானங்கள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று அங்கே. அது கட்டப்பட்டது மோல்ற்றனில், இப்போது நாங்கள் எல்லோரும் பெட்டியும் கையுமாக வந்து இறங்குகிற பியர்சன் விமான நிலையப் பக்கம். போர்க்காலத்தில் அங்கே 430 லங்காஸ்ரர் செய்தார்கள். அந்த அருங்காட்சியகத்தில் வருசம் ஒருக்கால், பெரும்பாலும் மார்ச்சில், ஹெரிற்றேஜ்கொன் என்று மொடல் கண்காட்சி நடக்கும். உண்மையான விமானங்களின் இறக்கைக்குக் கீழே மேசை போட்டுப் பிளாஸ்ரிக் விமானங்களை வைப்பார்கள்.

முதல் தரம் பார்க்கப் போன நேரம் அங்கே ஒரு கான்சோ நின்றது. கட்டலினாவுக்குச் சக்கரமும் பூட்டிக் கனடாவில் செய்தால் அதற்குப் பெயர் கான்சோ. ரொறன்ரோவில் பிறந்த டேவிட் ஹோர்னெல் 1944 ஜூனில் இதைப் போல ஒன்றில் போய் ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றை மூழ்கடித்து, தானும் கடலில் விழுந்து குளிரில் இறந்தவர். விக்ரோறியா சிலுவை கொடுத்தார்கள். போர் முடிய இந்த விமானங்கள் பலவற்றைக் காட்டுத்தீ அணைக்கத் தண்ணீர் காவ விட்டார்கள்.

மாதக்கணக்கில் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த சாமானுக்குக் கீழே போய் நின்றேன். என்ர தலை அதன் வயிற்றுக்கு எட்டவில்லை. பக்கவாட்டில் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள் இருக்கும், முதலையின் கண் மாதிரி. அதற்குள் இருந்துதான் கடலைப் பார்ப்பார்கள். மொடலில் அந்தக் குமிழை ஒட்டச் சாதாரண சுப்பர்குளூ பாவிக்கக்கூடாது, அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாய்ப் போய்விடும். பிள்ளைகள் பாவிக்கிற வெள்ளைப் பசைதான் சரி. நான் முதல் தரம் பிழைவிட்டு ஒன்றைப் பழுதாக்கியிருந்தேன். உண்மையான குமிழைப் பார்த்த நேரம், அந்தப் புகை பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆளை இருத்திவைத்த மாதிரி மனம் ஒரு மாதிரிப் போனது.

மேசைகளைப் பார்த்துக்கொண்டு வர, எண்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தர் கதை கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றால் கிரிக்கெட் என்பார்கள், அல்லது தேத்தண்ணி என்பார்கள். நான் திருகோணமலை என்றேன்.

"ஏப்ரல் 9, 1942" என்றார்.

ஒரு கனடியக் கிழவர் என்ர ஊரின் பெயரைக் கேட்டதும் சுனாமி சொல்லவில்லை, சண்டை சொல்லவில்லை, இதைச் சொன்னார். எத்தனை விமானம், எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு, எல்லாம் தெரியும். அரை மணித்தியாலம் எனக்கே என்ர ஊரைப் பற்றிச் சொல்லித் தந்தார். பிறகு நான் கோழி கூட்டுக்குள் போன கதையைச் சொன்னேன். வேட்டி மணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். ஐம்பது வருசமாக இந்தச் சண்டையைப் பற்றி வாசிக்கிறாராம், கீழே நின்ற ஒருவருடைய கதையை இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்றார்.

அங்கேதான் எனக்குச் சித்தியின் கேள்விக்கு அரைவாசிப் பதில் கிடைத்தது.

*

இந்தப் பொழுதுபோக்கு முழுக்க மேலே இருந்து பார்க்கிற பார்வை. பெட்டிப் படங்களைப் பாருங்கள். விமானம் பெரிதாக, கீழே நிலம் மங்கலாக. செய்முறைத் தாளில் விமானியின் பெயர் இருக்கும், எஞ்சின் வகை இருக்கும், குண்டின் எடை இருக்கும். கீழே யார் இருந்தார்கள் என்று இருக்காது. எங்கட வீட்டுக் கதைகள் முழுக்கக் கீழே இருந்து கேட்கிற கதை. அதில் சத்தம் இருக்கும், மணம் இருக்கும். மேலே இருந்தது என்ன, எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று இருக்காது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்கத்தான் எனக்கு ஆசை.

இதை எழுதுகிற நேரம் பொய் சொல்லக்கூடாது. எனக்கு இந்த விமானங்களின் வடிவம் பிடிக்கும். வரலாறு பிறகு வந்தது, வடிவம்தான் முதலில். என்ர அலுமாரியில் திறக்காத பெட்டி ஒன்று இருக்கு. கிபிர். பிரெஞ்சு மிராஜின் வடிவத்தில் அமெரிக்க எஞ்சினைப் பூட்டி இஸ்ரேல் செய்தது. இலங்கைக்கு 1996இல் வந்தது. 2006இல் எனக்கு ஆறு வயது. குடாவுக்கு அங்கால் சம்பூர்ப் பக்கம் அது குத்திக்கொண்டு இறங்குகிற சத்தம் கேட்டு அம்மா என்னைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினது ஞாபகம் இருக்கு. கடையில் அந்தப் பெட்டியைக் கண்ட நேரம் கால் நகரவில்லை. வாங்கினேன். ஏன் என்று கேட்டால்... அதன் முகத்தை ஒருக்கால் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தால் அது வடிவான விமானம். சொல்லவே கூச்சமாக இருக்கு. ஆனால் உண்மை.

அந்தப் பெட்டியைச் சித்திக்குத் தெரியாமல் கனத்த ஜக்கெற்றுகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சித்தி இருக்கிற வீட்டில் அதைத் திறக்க மாட்டேன். வேறு வீட்டிலும் திறப்பேனோ தெரியாது.

கட்டலினா பெப்ரவரியில் முடிந்தது. வழமையாக இதை ஸீரோக்கள் சூழ எரிகிற மாதிரிக் காட்டுவார்கள். புகைக்குப் பஞ்சை வைத்து, நெருப்புக்குச் சின்ன லைற் போட்டு. நான் அப்படிச் செய்யவில்லை. கொக்கல வாவியில், ஏப்ரல் 4 விடியப்புறம், கயிற்றில் கட்டி நிற்கிற மாதிரி வைத்தேன். தண்ணீருக்கு ஒளி ஊடுருவுகிற ரெசின். ஒன்பது பேர், ஒவ்வொருவரும் ஒரு அங்குலம்கூட இல்லை, சின்னப் படகில் விமானத்தை நோக்கிப் போகிறார்கள். கரையில் ஒரு பெண், கையில் பிள்ளை. அந்தப் பெண் பெட்டியில் வராது. வேறு ஒரு தொகுப்பில் இருந்த ரயில் நிலையப் பயணியை எடுத்து, கோட்டைச் சுரண்டி, சேலை கட்டிவிட்டேன். வாவிக் கரையில் அப்படி ஒரு பெண் நின்றாளா, ஊரை எழுப்பின பிறகு அங்கே ஆர் நின்றிருப்பினம் என்றெல்லாம் கேட்டால் என்னிடம் ஆதாரம் இல்லை. சிவப்புப் பொட்டுக்கு ஒரு கிழமை அலைந்தவன் இதில் மட்டும் சட்டத்தை மீறிவிட்டேன்.

சித்தி உடுப்புத் தோய்க்க வந்த நேரம் பார்த்தா. கிட்ட வந்து குனிந்து பார்த்தா. கண்ணாடிக் குமிழைத் தொடப் போய், தொடவில்லை.

"இது குண்டு போடுறதோ?"

"போடவும் செய்யும். ஆனா இதின்ர வேலை பார்க்கிறது. ஆர் வருகினம் எண்டு பார்த்துச் சொல்லுறது."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

"எங்களுக்கும் அப்பிடி ஒண்டு இருந்திருக்கலாம்" என்றா. பிறகு உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போயிட்டா.

இதுக்கு மேலே பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வருகிற ஹெரிற்றேஜ்கொன்னுக்குக் கட்டலினாவைக் கொண்டுபோகப் போகிறேன். பெயர்ப்பலகையில் பேர்ச்சலின் பெயருக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறேன், ஏப்ரல் 9 அன்று எண்ணெய்ப் புகை மணக்க நடந்து வந்த ஒரு கூலித் தொழிலாளியைப் பற்றி. நடுவர்கள் அதற்குப் புள்ளி வெட்டினாலும் பரவாயில்லை.

உங்கட வீட்டிலும் ஆராவது 1942 கதை சொல்லியிருந்தால், கொழும்போ, திருகோணமலையோ, மட்டக்களப்போ, சென்னையோ, ஒரு வரி என்றாலும் எழுதுங்கோ. சொன்னவையின் வயதையும் எழுதுங்கோ. அந்த வயதில் இருந்தவை இனி அதிகம் பேர் இல்லை.